எஞ்சினுக்கு வேறொரு கியர்பாக்ஸ்: வீட்டில் கார் கட்டுவோருக்கான வழிகாட்டி

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே காரிலிருந்து சேர்ந்தே கிடைக்குமானால் அவற்றைப் பிரிக்காமல் வாங்கிவிடுவதே நல்லது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றி வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிற நம்மவர்களுக்கு அந்த வாய்ப்பு அரிதாகவே அமைகிறது. ப்ராஸ்பெக்டன் ஆலையில் கொரோலா கார்கள் ஆண்டுக்கணக்கில் தயாரிக்கப்பட்டதால் டொயோட்டாவின் 4ஏ வரிசை எஞ்சின்கள் கிளேர்வுட், ஜேக்கப்ஸ் பக்கத்துப் பழைய பாகக் கடைகளில் கண்ணில் பட்டபடியே இருக்கும். ஆனால் அவற்றோடு ஒட்டிவரும் கியர்பாக்ஸ் முன்சக்கரங்களை ஓட்டுவதற்காகக் குறுக்குவாட்டில் அமைக்கப்பட்டது. முன்னால் எஞ்சினும் பின்சக்கர ஓட்டமும் கொண்ட லோட்டஸ் செவன் வடிவக் காருக்கு எஞ்சினுக்குப் பின்னால் நீளவாக்கில் நிற்கும் கியர்பாக்ஸ் வேண்டும். பீச் பகி என்னும் திறந்த மணல் காருக்கோ ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் டிரான்ஸாக்ஸில் (கியர்பாக்ஸும் சக்கர அச்சின் பல்சக்கரங்களும் ஒரே கூட்டில் அமைந்தது) ஏற்கெனவே சட்டகத்தில் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒரு நிறுவனத்தின் எஞ்சினை இன்னொரு நிறுவனத்தின் கியர்பாக்ஸோடு சேர்க்கும் வேலையைத் தவிர்க்க முடிவதில்லை.

இந்த வேலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே வரும் அடாப்டர் தகட்டைப் பற்றியே பேசுகிறார்கள். இரண்டு போல்ட் வரிசைகளும் ஒரு தகட்டில் இடம்பெற்றுவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். நானும் என் முதல் பகியில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பட்டறையில் செய்து விற்ற தகட்டை வாங்கி, டொயோட்டா எஞ்சினைப் பீட்டில் டிரான்ஸாக்ஸிலோடு பூட்டினேன். போல்ட்டுகள் எல்லாம் கையாலேயே இறங்கியதால் மனம் குளிர்ந்துபோயிற்று. சில வாரங்கள் கழித்து, கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் மெல்லிய ஊளைச் சத்தம் எழத் தொடங்கியது. பிறகு முதல் கியர் விழ மறுத்தது. கழற்றிப் பார்த்தபோது, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில், கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்குவதற்காக இருந்த பைலட் புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. கிளட்ச் தட்டின் நடுப்பல்லைச் சுற்றிச் செம்பழுப்புத் துருப்பொடி படிந்திருந்தது. அந்தத் தகட்டை அளந்த லேத்கார அண்ணன், இரண்டு தண்டுகளின் மையங்களும் 0.4 மில்லிமீட்டர் விலகியிருப்பதாகக் காட்டினார். "போல்ட் இறுக்கிப் பிடிக்கும் தம்பி, இடம் காட்டாது, இடம் காட்டுவதற்கு டவல் பின் வேணும்," என்றார். டவல் பின் என்பது துளையில் இறுக்கமாக உட்கார்ந்து இடத்தைப் பிடித்துவைக்கும் சிறிய முளை. அந்தத் தகட்டில் அதற்கான துளையே இல்லை.

ஆகவே இந்த வேலையின் உயிர்நாடி, கிராங்க் ஷாஃப்ட்டின் அச்சும் எஞ்சினின் சுழற்சியை உள்வாங்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டின் அச்சும் ஒரே கோட்டில் நிற்பதுதான். போல்ட் துளை எப்போதும் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகவே இருப்பதால், போல்ட்டை நம்பிப் பூட்டினால் எடையும் அதிர்வும் கியர்பாக்ஸைத் தம் விருப்பப்படி தள்ளிவிடும். தொழிற்சாலையில் எஞ்சின் பிளாக்கின் பின்முகத்தில் இரண்டு டவல்களை அடித்துவைத்திருப்பது இதற்காகவே. நீங்கள் செய்யும் தகட்டிலும் எஞ்சின் பக்கத்து டவலுக்கு இரண்டு துளைகளும் கியர்பாக்ஸ் பக்கத்துக்கு இரண்டு டவல்களும் கட்டாயம் இருக்க வேண்டும்.

தகட்டைத் தொடுவதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். முதலாவது, எஞ்சின் எந்தத் திசையில் சுழல்கிறது என்பது. பெரும்பாலான எஞ்சின்கள் முன்புறக் கப்பிப் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழல்கின்றன. ஆனால் ஹோண்டாவின் பழைய பி, டி வரிசை எஞ்சின்கள் எதிர்த்திசையில் சுழல்பவை. அவற்றைப் பீட்டில் டிரான்ஸாக்ஸிலோடு அப்படியே பூட்டினால் ஒரு முன்கியரும் நான்கு ரிவர்ஸ் கியர்களும் கிடைக்கும். டிரான்ஸாக்ஸிலை முன்பின்னாகத் திருப்பி, எஞ்சினை நடுவில் வைக்கும் அமைப்பிலும் இதே சிக்கல் எழும். பீட்டில் டிரான்ஸாக்ஸிலில் உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றிப் பூட்டி அதைச் சரிசெய்வார்கள்.

இரண்டாவது, கியர் விகிதம். இதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். டயர் ஒரு சுற்றில் 2 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால், நம் நெடுஞ்சாலை வரம்பான மணிக்கு 120 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 1,000 சுற்றுகள் சுழலும். பீட்டிலின் நான்காவது கியர் 0.89, சக்கர அச்சுக்குப் போகும் கடைசி விகிதம் 4.125 என்றால் எஞ்சின் சுமார் 3,670 சுற்றுகளில் ஓடும். அதே இடத்தில் 3.875 விகிதமுள்ள டிரான்ஸாக்ஸில் கிடைத்தால் அது சுமார் 3,450 ஆகக் குறையும். ஃபோர்டு சியர்ராவில் வந்த டைப் 9 கியர்பாக்ஸின் ஐந்தாவது கியர் 0.82, அதை 3.9 விகிதமுள்ள பின் அச்சோடு சேர்த்தால் சுமார் 3,200 சுற்றுகள். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுவோருக்குக் குறைந்த சுற்று இதமாகத் தோன்றும். ஆனால் என்3 வழியே வேன் ரீனன் கணவாய் ஏறி ஜோஹன்னஸ்பர்க் போகிறவர்கள், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறையப் பத்து சதவீத ஆற்றலை இழக்கிறது என்பதையும், அந்நகரம் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலோரத்தில் சுகமாக இழுக்கும் நீண்ட ஐந்தாவது கியர் அங்கே பயன்படாமல் கிடக்கும்.

கியர்பாக்ஸ் அந்த எஞ்சினின் முறுக்கு விசையைத் தாங்குமா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். எடை குறைந்த காரில் சக்கரம் வழுக்கிவிடுவதால் கியர்பாக்ஸ் ஓரளவு தப்பிக்கும். அகலமான டயரைப் பூட்டினால் அந்தச் சலுகையும் போய்விடும்.

இனி அளவுக்கு வருவோம். தகட்டின் தடிமனைக் கடையில் கிடைக்கும் உலோகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இன்புட் ஷாஃப்ட்டின் நீளமே அதை முடிவு செய்ய வேண்டும். ஷாஃப்ட்டின் முனை கிராங்க்கில் உள்ள பைலட் புஷ்ஷுக்குள் போதிய அளவு நுழைய வேண்டும், ஆனால் துளையின் அடியில் இடிக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, எஞ்சினின் பின்முகத்திலிருந்து கிராங்க்கின் விளிம்பு 4 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, அதிலுள்ள துளை மேலும் 30 மில்லிமீட்டர் ஆழம் என்று கொள்வோம். துளையின் அடி பின்முகத்திலிருந்து 34 மில்லிமீட்டரில் இருக்கும். கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் மணி வடிவக் கூடு) முகத்தைத் தாண்டி இன்புட் ஷாஃப்ட் 45 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், தகடு இல்லாமல் பூட்டும்போது 11 மில்லிமீட்டர் இடிக்கும். 4 மில்லிமீட்டர் இடைவெளி விட விரும்பினால் தகடு 15 மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும். இடிக்கிற ஷாஃப்ட்டை போல்ட்டால் இழுத்துப் பூட்டினால், எஞ்சினில் கிராங்க்கின் முன்பின் நகர்வைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கும் கியர்பாக்ஸின் முன் பேரிங்கும் சேர்ந்தே அழியும். டைப் 9 கியர்பாக்ஸில் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு வந்ததும் வி6 எஞ்சினுக்கு வந்ததும் ஒரே ஷாஃப்ட் கொண்டவை அல்ல. ஆகவே கையில் இருக்கும் பெட்டியைத்தான் அளக்க வேண்டும், எங்கோ எழுதியிருக்கும் எண்ணை நம்பக் கூடாது.

முனை சரியாக நுழைந்தாலும், கிளட்ச் தட்டின் நடுப்பல் முழுவதும் ஷாஃப்ட்டின் பல்லின்மேல் உட்கார்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். தட்டின் வெளிவட்டம், கிராங்க்கில் பூட்டிய கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்கும், தட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். நடுப்பல் கியர்பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும். டைப் 9 என்றால் ஓர் அங்குல விட்டத்தில் 23 பற்கள். எஞ்சின் காரின் தட்டு அளவையும் கியர்பாக்ஸ் காரின் பல் அளவையும் சொன்னால், கிளட்ச் புதுப்பிக்கும் கடைகளில் ஒன்றின் நடுப்பகுதியை மற்றொன்றில் ரிவெட் அடித்துத் தருவார்கள். அப்படிச் செய்த தட்டைப் பூட்டியபின், அதன் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டின் தலையில் உரசவில்லை என்பதை, போல்ட் தலைகளின்மேல் களிமண் உருண்டை வைத்து அழுத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பைலட் புஷ் சிறியது, ஆனால் பலர் தவறுவது அதில்தான். கிராங்க்கின் துளையும் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கும் வேறு வேறு நிறுவனத்தவை என்பதால், வெளிவிட்டம் ஒன்றுக்கும் உள்விட்டம் மற்றொன்றுக்கும் பொருந்தும்படி புதிதாகக் கடைந்துகொள்ள வேண்டியிருக்கும். எண்ணெயை உறிஞ்சிவைத்திருக்கும் நுண்துளை வெண்கலம் இதற்கு ஏற்றது. பூட்டுவதற்கு முன் ஓர் இரவு எஞ்சின் ஆயிலில் ஊறவைக்க வேண்டும், கிரீஸ் தடவக் கூடாது, ஏனெனில் கிரீஸ் அந்த நுண்துளைகளை அடைத்துவிடும். பீட்டிலில் இந்தப் பேரிங் ஃப்ளைவீலைப் பிடிக்கும் ஒற்றை நடுப்போல்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. டொயோட்டாவின் கிராங்க்கில் ஃப்ளைவீல் பல போல்ட்டுகளால் வட்டமாகப் பிடிக்கப்படுகிறது. ஆகவே பீட்டில் ஃப்ளைவீல் நேராக ஏறாது என்பதோடு, பேரிங்குக்கும் புதிய இடம் செய்தாக வேண்டும்.

இப்போது தகடு. 6061 அல்லது 6082 டி6 அலுமினியத் தகடு எடையிலும் உறுதியிலும் போதுமானது. அதன் இரு முகங்களும் 0.05 மில்லிமீட்டருக்குள் இணையாக இருக்க வேண்டும். அளவு குறிக்க அட்டையில் போல்ட் துளைகளைக் குத்தி எடுப்பது, எவ்வளவு பெரிய தகடு வாங்குவது என்று தீர்மானிக்க உதவுமே தவிர, துளையிட உதவாது. நான் இப்போது பின்பற்றும் முறையில் தகட்டின் நடுத்துளைதான் எல்லா அளவுக்கும் தாய். முதலில் தகட்டை லேத்தில் பிடித்து நடுத்துளையைச் சுத்தமான வட்டமாகக் கடைந்துகொள்கிறேன். எஞ்சினை ஸ்டாண்டில் பின்முகம் மேலே பார்க்கும்படி நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, தகட்டை அதன்மேல் வைத்து இரண்டு கிளாம்ப்களால் லேசாகப் பிடிக்கிறேன். கிராங்க்கின் விளிம்பில், நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காந்தத் தாங்கியோடு நிறுத்தி, அதன் தொடுநுனியை நடுத்துளையின் உட்சுவரில் படவைத்து, கிராங்க்கை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறேன். முள் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து வெளிவிளிம்பை ரப்பர் சுத்தியால் தொட்டுத் தொட்டுத் தட்டி, மீண்டும் சுற்றி, முள் அசைவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். முதல் முறை எனக்கு ஒரு பிற்பகல் முழுதும் பிடித்தது. பிறகு கிளாம்ப்களை இறுக்கி, மறுபடி ஒரு சுற்றுப் பார்த்து, எஞ்சினின் டவல் இடங்களைத் தகட்டுக்கு மாற்றித் துளையிட்டு, துளையைத் துல்லியமான அளவுக்குக் கொண்டுவரும் ரீமரால் முடிக்கிறேன். போல்ட் துளைகள் அதற்குப் பிறகுதான்.

கியர்பாக்ஸ் பக்கமும் இதே கதைதான். கியர்பாக்ஸைச் செங்குத்தாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, டயல் கேஜை இன்புட் ஷாஃப்ட்டில் அதன் பேரிங்குக்கு மிக அருகில் கட்டி, ஷாஃப்ட்டைச் சுற்றியபடி அதே நடுத்துளையை அளக்க வேண்டும். முனையில் கட்டினால் ஷாஃப்ட்டின் ஆட்டமும் அளவில் சேர்ந்துவிடும். பெல் ஹவுசிங் கழன்று வரும் பெட்டியானால் இன்னும் எளிது: வெறும் ஹவுசிங்கை எஞ்சினில் பூட்டி, கிராங்க்கிலிருந்தே அதன் பின்புறத்துப் பேரிங் துளையை அளந்துவிடலாம்.

எவ்வளவு விலகல் தாங்கும் என்று கேட்பார்கள். ஒரு முழுச் சுற்றில் முள் காட்டும் மொத்த வேறுபாடு 0.005 அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. முள் காட்டுவது உண்மையான விலகலைப் போல் இரு மடங்கு என்பதை மறக்கக் கூடாது, 0.13 காட்டினால் மையங்கள் சுமார் 0.065 மட்டுமே விலகியிருக்கின்றன. எல்லாம் பூட்டியபின் இந்த எல்லையைத் தாண்டினால், மையம் விலகிய டவல் பின்கள் 0.007, 0.014, 0.021 அங்குல அளவுகளில் கிடைக்கின்றன. முள் காட்டும் மொத்த வேறுபாட்டில் பாதிக்கு நெருங்கிய அளவைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பின்களையும் ஒரே திசை பார்த்துத் திருப்பிப் பூட்டி மறுபடி அளக்க வேண்டும். அடுத்து ஹவுசிங்கின் முகத்தையும் அளக்க வேண்டும். அப்போது கிராங்க்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துச் சுற்றாவிட்டால் அதன் முன்பின் ஆட்டம் அளவைக் கெடுத்துவிடும். முகத்தின் கோணல் அதிகமாக இருந்தால், தகட்டைக் குறை சொல்வதற்கு முன், பழைய பெயின்ட்டும் துருவும் ஓரப் பிசிறும் போய்விட்டனவா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை ஒரு பெயின்ட் துளியே கோணலாகக் காட்டியிருக்கிறது.

ஃப்ளைவீலையும் ஸ்டார்ட்டரையும் தனித்தனியாக யோசிக்க முடியாது. ஸ்டார்ட்டர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்ததோ, ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையமும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததாக இருப்பதே எளிது. பீட்டிலில் ஸ்டார்ட்டர் டிரான்ஸாக்ஸிலில் உட்கார்ந்திருக்கிறது. அதன் தண்டின் நுனி டிரான்ஸாக்ஸில் கூட்டில் உள்ள ஒரு சிறிய வெண்கலப் புஷ்ஷில் ஓடுகிறது. ஆகவே 12 வோல்ட் பீட்டிலின் 130 பல் வளையத்தை, டொயோட்டாவின் கிராங்க்குக்குப் பொருந்தும் புதிய ஃப்ளைவீலில் ஏற்றி, பெல் ஹவுசிங் முகத்திலிருந்து அது முன்பு இருந்த அதே தூரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். தகடு தடிமனாக ஆக ஃப்ளைவீல் பின்வாங்கிவிடும். அந்தத் தூரத்தை ஃப்ளைவீலின் நடுப்பகுதியைத் தடிமனாகக் கடைந்து ஈடுகட்டலாம், தனி வளையங்களை அடுக்கி ஈடுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஸ்டார்ட்டரின் பற்கள் ஓய்வில் இருக்கும்போது வளையத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியிருக்கட்டும்.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் எஞ்சினைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 020 வகைக் கியர்பாக்ஸோடு வந்த கோல்ஃப் எஞ்சின்களில் பிரஷர் பிளேட்தான் கிராங்க்கில் பூட்டப்பட்டிருக்கும், ஃப்ளைவீல் அதன்மேல் வெளியே இருக்கும். வழக்கமான வரிசைக்கு நேர்மாறு. அந்த ஃப்ளைவீல் வேறு எந்தக் கியர்பாக்ஸுக்கும் உதவாது. சிட்டி கோல்ஃப் 2009 வரை இங்கே தயாரிக்கப்பட்டதால் இந்த எஞ்சின் எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் ஃப்ளைவீல் செலவையும் சேர்த்தே விலையை எடைபோட வேண்டும்.

புதிய ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்துச் சமநிலை பார்க்கக் கொடுங்கள். சில எஞ்சின்களில் ஃப்ளைவீலிலேயே வேண்டுமென்று ஒரு பக்க எடை வைக்கப்பட்டிருக்கும்: ஃபோர்டின் 302 வி8 எஞ்சினில் பழையதற்கு 28 அவுன்ஸ்-அங்குலம், பிந்தையதற்கு 50. மாற்றிப் பூட்டினால் எஞ்சின் கடுமையாக அதிரும். புதிய கால எஞ்சின் சிலவற்றில் கிராங்க் சென்சார் ஃப்ளைவீலின் பற்களைத்தான் படிக்கிறது. அந்தப் பல்வரிசையும் விடுபட்ட பல்லின் இடமும் புதிய ஃப்ளைவீலில் அப்படியே இல்லாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவே ஆகாது.

பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கியர்பாக்ஸைச் சேர்ந்தது, அது அழுத்தும் விரல்கள் எஞ்சின் பக்கத்து பிரஷர் பிளேட்டைச் சேர்ந்தவை. ஃப்ளைவீல் நகர்ந்ததும் விரல்களும் நகர்ந்துவிடுவதால், பேரிங்கைத் தள்ளும் முள்கரண்டி நெம்புகோல் அதன் நடுநிலையில் நிற்கிறதா என்று பார்த்து, தேவையானால் அது ஊன்றும் குமிழை நீட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். கேபிள் கிளட்ச்சானால் பேரிங்குக்கும் விரலுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் போல இடைவெளி விடலாம்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சட்டகத்தில் ஏறும்போது, இரண்டின் எடையும் தகட்டின்மேல் தொங்கக் கூடாது. கியர்பாக்ஸின் பின்பகுதிக்குத் தன் சொந்தத் தாங்கி வேண்டும், தாங்கிகளை வெல்ட் செய்வது இரண்டும் பூட்டிய நிலையில்தான் நடக்க வேண்டும்.

எஞ்சின் எண் மாறினால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், அதற்குக் காவல்துறையின் சான்றும் கேட்பார்கள். ஆகவே எஞ்சின் வாங்கிய ரசீதை, அதில் எண் எழுதப்பட்டிருக்கும்படி, முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன், காரை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்து அரை நிமிடம் கழித்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பல் உரசும் சத்தம் வந்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அல்லது பைலட் புஷ் ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்கிறது. இரண்டில் எது என்று அறிய, சத்தம் வரும்போது பெடலை இன்னும் ஆழமாக மிதிக்கும்படி இணைப்பைச் சரிசெய்து பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் பெட்டியைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. சத்தமில்லாமல் விழுந்தால், சமதளத்தில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பெல் ஹவுசிங் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். பிறகு அடிப்பக்க மூடியைக் கழற்றி, கைவிளக்கு பிடித்து, உள்ளே செம்பழுப்புத் துருப்பொடி ஏதும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். என் இரண்டாவது பகியில் நான் அப்படிப் பார்த்தபோது பெல் ஹவுசிங்கின் உட்சுவர் பூட்டிய நாளைப் போலவே சுத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் அதை முழு வேகத்தில் மிதித்தேன்.